காளியாயி வைத்த அசேலியா

விடிந்ததும் நல்லமுத்து முகம் கழுவுவதில்லை. முதலில் செடிக்குப் போவார். இடது கையில் தேத்தண்ணிக் கோப்பை, வலது கை சும்மா. அசேலியாவின் முன்னால் நின்று ஒரு கிளையின் நுனியைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் வைத்து, நசுங்காமல் அழுத்திப் பார்ப்பார். கண் செடியில் இருக்காது, எதிர்மலையில் எங்கேயாவது இருக்கும். நுனி ஒல்லியாக, ஊசிபோல இருந்தால் இலை. பருப்புபோலத் திரண்டு விரலில் லேசாக ஒட்டினால் பூ. ஒட்டிய விரலைச் சாரத்தில் துடைத்துவிட்டு அடுத்த கிளைக்குப் போவார். கடைசிக் கிளைக்கு வரும்போது தேத்தண்ணி ஆறியிருக்கும். அதை ஒரே மடக்கில் குடித்துவிட்டு அப்புறம்தான் தண்ணீர் கொட்டும் பீலிக்கு முகம் கழுவப் போவார்.

தலவாக்கலையில் பஸ் ஏறி, கோயில் சந்தியில் இறங்கி, தேயிலைக்குள்ளே செங்குத்தாக ஏறினால் தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான அந்த லயம் வரும். அதன் கோடி அறை, கோடிக் காம்பரா, அவருடையது. பிறந்தது அங்கேதான், கல்யாணம் கட்டிக் குடிவந்ததும் அங்கேதான். ஆள் ஒடிசல். வேலை செய்த காலமெல்லாம் கவ்வாத்துக் கத்திதான் கையில். தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவனுக்குக் கண்ணிலேயே ஒரு மட்டக்கோல் விழுந்துவிடும். மேடு தெரிந்தால் கை துறுதுறுக்கும். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் மற்றப் பெண்களிடம் காளியாயி அதைச் சொல்லியே சிரிக்கவைப்பாள்.

"எங்க வீட்டுக்காரரு முன்னால தலைமுடிய விரிச்சிப் போட்டுக்கிட்டு ஒக்காந்துறாதீங்கடி. மட்டமா வெட்டி விட்டுருவாரு."

காளியாயி அவர் மனைவி. கொழுந்து எடுப்பவள். பேச்சு உரக்க, சிரிப்பு அதைவிட உரக்க. ஒரு சித்திரை விடுமுறைக்கு, கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் மகள் தனுஷிகா வந்து இருவரையும் நுவரெலியா சீசன் பார்க்கக் கூட்டிப்போனாள். வாவியில் படகு ஓடியது, குதிரை ஓடியது. காளியாயி எதையும் பார்க்கவில்லை. ரோட்டோரப் பூச்செடிக் கடை ஒன்றின் முன்னால் நின்றவள் நின்றவள்தான்.

"இது வருசத்துக்கு ஒரு வாட்டி பூத்துட்டுப் போற பழைய சாதி இல்லம்மா," என்றார் கடைக்காரர். "புதுசு. இப்ப பூக்கும். பூ முடிஞ்ச கையோட நுனிய வெட்டி விட்டீங்கன்னா புதுத் தளிரு வரும். அந்தத் தளிருல ஐப்பசி வாக்குல மறுபடி பூக்கும். நல்லா வளந்த செடின்னா தையிலயும் பூக்கும்."

"சும்மா சொல்றீங்க."

"பூக்கலன்னா கொண்டாங்க, நானே எடுத்துக்கிறேன்."

வெள்ளையில் ரோஸ் கரை போட்டது ஒன்று, வெளிர் ஊதா ஒன்று, பழுத்த மிளகாய்ச் சிவப்பு ஒன்று என்று கடைக்காரர் எடுத்து வைத்தார். அவள் சிவப்பைத் தொட்டாள். அடுப்புச் சாம்பலை வேரில் கொட்டிவிட வேண்டாம், தேயிலை நிற்கிற புளிச்ச மண்தான் இதற்கும் பிடிக்கும், பைனஸ் மரத்துச் சருகைப் பரப்பி விடுங்கள் என்று சொல்லி அனுப்பினார். திரும்பி வரும் பஸ்ஸில் செடி அவள் மடியில் இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் பிள்ளையைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டாள். பக்கத்துச் சீட்டுக்காரியிடம் சிங்களத்தில் பூவின் பெருமையைப் பேசிக்கொண்டே வந்தாள்.

அடுத்த காம்பரா ராக்காயியுடையது. புருசன் இல்லாதவள், ஆடுகள் உண்டு. அந்த ஆடுகள் காளியாயியின் டேலியாவைத் தின்றிருந்தன, செவ்வந்தியைத் தின்றிருந்தன. அசேலியாவை வைத்த அன்றே நல்லமுத்துவை நிற்கவைத்து, ஆட்டின் தலை நுழையாத கம்பி வேலி அடிக்கச் சொன்னாள் காளியாயி.

"செடிக்கு வேலி அடிக்கிற சீமாட்டிய இப்பத்தான்டி பாக்குறேன்," என்றாள் ராக்காயி.

"பாரு, நல்லா பாரு. என் சேலியாவுல ஒன் ஆடு வாய வச்சிச்சு, அப்பறம் அது ஒன் பட்டியில நிக்காது. சொல்லிப்புட்டேன்."

"நிக்காம? ஒன் தலையில ஏறி நிக்குமாக்கும்."

லயமே வேடிக்கை பார்த்தது. அன்று சாயந்திரமே இருவரும் ஒரே வெற்றிலையைக் கிழித்துப் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். அவர்கள் சண்டையும் அப்படி, சிநேகமும் அப்படி.

செடி வேர் பிடித்தது. ஆனால் காளியாயி அதன் பக்கத்தில் கத்தியை அண்டவிடவில்லை. "தேயிலைய மொட்டையடிச்ச கை. என் செடியத் தொடாதீங்க," என்பாள். சித்திரை வந்தால் பூக்கும், அவ்வளவுதான். ஐப்பசியில் பச்சையாக நிற்கும். "கடைக்காரன் ஏமாத்திட்டான் பாத்தீங்களா," என்று அவள் சொல்லாத வருசம் இல்லை.

போன வருசத்துக்கு முந்தின ஆடியில் அவளுக்கு நெஞ்சுச் சளி. ஆஸ்பத்திரிக்குப் போனவள் நடந்து திரும்பவில்லை. லயத்துக்கு மேலே, பைனஸ் மரங்களுக்கு நடுவில் இருக்கிற புதைகுழியில் அவளை வைத்தார்கள். அன்றைக்கு மழை இல்லை, பனிதான். மண் தள்ளியவர்களின் கால்கள் தெரிந்தன, முகங்கள் தெரியவில்லை.

அந்த ஐப்பசியில் செடி பூத்தது.

ஒரு பூ இரண்டு பூ அல்ல. இலை தெரியாத சிவப்பு. கத்தி படாமலே, ஆள் இல்லாத முதல் ஐப்பசியில். நல்லமுத்து வேலிக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். "வந்துட்டியா," என்று கேட்டது தன்னுடைய வாய்தான் என்று அவருக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது.

பூ வாடியபின், கடைக்காரர் சொன்னபடி கத்தியை எடுத்தார். அவள் இருந்தால் விட்டிருக்கமாட்டாள். நுனிகளை மட்டும் கிள்ளத்தான் நினைத்தார். கை கேட்கவில்லை. முடித்தபோது செடி தேயிலைபோல மட்டமாக, ஒரு மேசையைப் போல நின்றது. அந்த வாரத்தில்தான் ராக்காயி வாசல் திண்ணையான இஸ்தோப்பில் வந்து நின்று, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சொன்னாள்.

"கெடாய் செத்துப் போச்சிண்ணே. நொரை தள்ளி, பல்ல நறநறன்னு கடிச்சி, காலு மடங்கி. பாக்க முடியல. யாரோ அதுக்கு முதுகுல ஏறி ஒக்காந்த மாதிரி."

யார் என்று அவள் சொல்லவில்லை. அவள் கண் அசேலியாவுக்குப் போய்த் திரும்பியது.

தை மாதம் செடி மறுபடி பூத்தது. மட்டமாக வெட்டப்பட்டிருந்ததால் பூவும் மட்டமாக விரிந்தது. பனிக்குள் தூரத்திலிருந்து பார்த்தால் செடி தெரியாது. இடுப்பளவு உயரத்தில் ஒரு சிவப்பு மட்டும் அந்தரத்தில் கிடக்கும். வேலைக்குப் போன பெண்களில் ஒருத்தி அதைக் கண்டுவிட்டு ஓடிவந்தாள். காளியாயி சிவப்புச் சேலையோடு குனிந்து கொழுந்து எடுத்துக்கொண்டு நிற்கிறாள் என்றாள். அதற்கப்புறம் ஆளாளுக்குக் கண்டார்கள். ஒருத்திக்குக் கூடை தெரிந்தது. இன்னொருத்திக்கு அவள் நிமிர்ந்து பார்ப்பது தெரிந்தது. கோடிக் காம்பராப் பக்கம் போவதை விட்டுவிட்டு, சுற்றிக்கொண்டு பீலிக்குப் போகத் தொடங்கினார்கள்.

பூ முடிந்தது. நல்லமுத்து வெட்டினார். தேயிலையை வெட்டினால் வெட்டுப்பட்ட குச்சிகளை அங்கேயே வரிசைக்குள் போட்டுவிட்டு வருவதுதான் கவ்வாத்துக்காரன் வழக்கம். மிலாறு என்பார்கள். விறகுக்கு வேண்டியவர்கள் கட்டிக்கொண்டு போவார்கள், மிச்சம் மண்ணோடு மக்கும். அவரும் அசேலியா மிலாறை அள்ளி வேலிக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் கான் ஓரமாக வீசிவிட்டு, கத்தியைத் துடைத்துக் கூரை இறவாணத்தில் செருகினார்.

மறுநாள் மத்தியானம் ராக்காயியின் கறுப்பு ஆட்டை அவரே பார்த்தார். பனி இறங்கியிருந்தது. ஆடு லயத்து முற்றத்தின் நடுவில் நான்கு காலையும் அகட்டி வைத்துக்கொண்டு நின்றது. வாயிலிருந்து நுரை நூல்நூலாக இறங்கியது. பற்களை அரைக்கும் சத்தம் இஸ்தோப்புவரை கேட்டது. பின்கால்கள் மடங்கின, எழுந்தன, மடங்கின. அது எதையோ பார்த்துக்கொண்டிருந்தது. பார்க்கிற திசையில் அசேலியா இருந்தது.

"ஏன்டி காளி!" ராக்காயி தலையிலடித்துக்கொண்டு செடியிடம் கத்தினாள். "நான் ஒனக்கு என்னாடி கொற வச்சேன்? ஒன் வாய்க்குக் கடைசியா தண்ணி ஊத்துனது நான்தானடி!"

ஆடு விழுந்தது.

அன்றைக்கு எல்லோரும் காம்பராக்களுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்ட பிறகு நல்லமுத்து செடிக்கிட்டே போனார். "போதும் காளி," என்றார். "பாவம் அவ." குரலில் கண்டிப்பு இருந்தது. நெஞ்சில் இல்லை. நெஞ்சில் இருந்தது வேறு. காளியாயியை இன்னமும் அதட்ட முடிகிறது, அவள் இன்னமும் அதட்டும்படி எதையாவது செய்கிறாள். வெளியே சொல்ல முடியாத ஒரு சந்தோசம் அது. ஆட்டுக்காரியின் அழுகை சுவருக்கு அந்தப்பக்கம் கேட்டுக்கொண்டிருக்க, இந்தப்பக்கம் அவர் மாதக்கணக்கில் தூங்காத தூக்கத்தைத் தூங்கினார்.

கோடாங்கி வந்தான். சோலைமலை என்று பெயர். மற்ற நாளில் ஆட்டோ ஓட்டுகிறவன். உடுக்கை அடித்து, குறி கேட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னான்:

"செடியிலதான் நிக்கிறாங்க. வேரோட பிடுங்கி ஓடுற ஆத்துல விட்டுறணும். அடுத்த பூ விரியிறதுக்கு முன்னால."

"பிடுங்கினா அவ எங்க போவா?" என்று கேட்டார் நல்லமுத்து.

"போக வேண்டிய எடத்துக்குப் போவாங்க மாமா."

"இருக்க வேண்டிய எடம்னுதானே இங்க வந்திருக்கா."

உடுக்கையின் மேல் இருந்த விரலைச் சோலைமலை மெதுவாக எடுத்தான். ஆட்டுக்குப் பிறகு மாடு, மாட்டுக்குப் பிறகு பிள்ளைகள் என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். அவர் பிடுங்காவிட்டால் நாங்கள் பிடுங்குவோம் என்று இன்னொரு குரல். நல்லமுத்து வேலிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். ஒடிசலான மனுசன். கையில் ஒன்றும் இல்லை. ஒரு தள்ளுத் தள்ளினால் போதும்.

அப்போது ராக்காயிதான் சொன்னாள். "இந்தச் சித்திரைக்குப் பூக்கட்டும். பாத்து ஆசைப்பட்டு வாங்கியாந்தா. பூத்து முடியட்டும். அப்பறம் பிடுங்கிக்கலாம்."

ஆட்டைப் பறிகொடுத்தவளே சொன்ன பிறகு ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள்.

சித்திரையில் அது பூத்ததைப்போல எதுவும் பூத்து அந்த லயம் பார்த்ததில்லை. யாரும் கிட்டே போகவில்லை. வாசலில் சிவப்பு, சுற்றிலும் வெறிச்சோடிய முற்றம். நல்லமுத்து மட்டும் இஸ்தோப்பில் உட்கார்ந்து அதோடு பேசிக்கொண்டிருந்தார். பூக்கள் ஒவ்வொன்றாகப் பழுப்பாகிச் சுருங்கி, உதிராமல் கிளையிலேயே தொங்கின. மறுநாள் பிடுங்குவது என்று ஆனது. அன்றைக்குக் காலையில் அவர் கத்தியைத் தீட்டினார். போகிறவளைச் சீவி முடிக்காமல் எப்படி அனுப்புவது? மட்டமாக, அழகாக, கடைசித் தடவையாக வெட்டினார். மிலாறை வீசினார். உட்கார்ந்தார்.

கானுக்குள்ளிருந்து பனி ஏறி வந்தது. பனியோடு ராக்காயியின் வெள்ளாடும் வந்தது. மிச்சமிருந்த ஒரே ஆடு. கட்டு அவிழ்ந்திருந்தது. அது மிலாறு கிடந்த இடத்தில் நின்று, தலையைத் தாழ்த்தி, நிதானமாகத் தின்றது. அவர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆடு தின்கிறது என்று மட்டும் தெரிந்தது. மனம் அதற்குமேல் போகவில்லை. ஆடு என்றால் தின்னும்.

உச்சிவேளையில் அது அவருடைய வாசலுக்கே வந்து நின்றது. கால்களை அகட்டியது. பற்களை அரைத்தது. பிறகு கக்கியது. பச்சை நுரையில் அரைபட்ட இலைகள். அவர் குனிந்து ஒரு துண்டை எடுத்தார். மயிர் ஓடிய இலை, விரலில் ஒட்டியது. இலையோடு ஒரு விரலளவு குச்சி. குச்சியின் நுனி சாய்வாக, ஒரே வீச்சில் வெட்டுப்பட்டிருந்தது. மழைத்தண்ணி தங்காமல் வழிவதற்காக எத்தனையோ ஆயிரம் தேயிலையில் அவர் போட்ட அதே சாய்வு. தன் கையெழுத்தை அடையாளம் காண்பதுபோலக் கண்டார்.

நின்ற இடத்திலேயே அவருக்கு எல்லாம் விளங்கியது. சொன்னால் செடி பிழைக்கும். மிலாறைக் குழிதோண்டிப் புதைத்தால் போதும், யாருக்கும் பயமில்லை. ஆனால் சொன்ன நிமிசத்தில் காளியாயி செத்துப்போவாள். ஆடியில் செத்ததைவிட அதிகமாக. சொல்லாவிட்டால் நாளைக்குச் செடி ஆற்றோடு போகும், அவள் இருந்தாள் என்பது மட்டும் லயத்தில் பேச்சாக நிற்கும். பேச்சில் இருந்தாலும் இருக்கிறதுதானே. காலடியில் ஆடு முன்கால்களை மடக்கியது. அவரைப் பார்த்தது.

"ராக்காயி!" என்று கூப்பிட்டார். "ஏய் ராக்காயி, ஓடியா!"

அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தேயிலைச் சாயத்தை அப்படியே பச்சைத்தண்ணி விளாவி எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். கைக்குக் கிடைத்தது அதுதான். ஒருவர் வாயைப் பிளக்க, ஒருவர் ஊற்ற, கறுப்புச் சாயம் ஆட்டின் தாடியிலும் இரண்டு பேர் மடியிலும் வழிந்தது. ஆடு மறுபடி கக்கியது. சாயமோ, கக்கியதோ, அதன் ஆயுசோ, பொழுது சாயும்போது தலையைத் தூக்கிக் காதை ஆட்டியது.

அதன்பிறகுதான் சொன்னார்.

"ஒன் ஆட்டக் கொன்னது நான்தான் ராக்காயி."

"என்னாண்ணே பேசுறீங்க."

"இந்த எலை ஆட்டுக்கு ஆகாது. நான் வெட்டி வெட்டிக் கான்ல போட்டேன். அது தின்னுச்சு. பாரு, என் கத்தி பட்ட குச்சி. காளி இல்ல. காளி எங்கயும் இல்ல."

ராக்காயி குச்சியை வாங்கி வெகுநேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஏதோ கேட்க வாயெடுத்தாள். கேட்கவில்லை. செடியை ஒரு தரம் பார்த்துவிட்டு, அவர் பக்கமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மெதுவாப் பேசுங்க," என்றாள். "அவளுக்குக் கேட்டுறப் போவுது."

செடியைப் பிடுங்கவில்லை. தலவாக்கலையிலிருந்து தடுப்பூசிக்கு வந்த மிருக வைத்தியரும் அதையே சொன்னார். அசேலியா இலை ஆட்டுக்கு நஞ்சு, வாயில் நுரை வரும், கால் தள்ளாடும், சிலது செத்துப்போகும். லயத்துக்கு நிம்மதி. பெண்கள் பழையபடி கோடிக் காம்பரா வழியாகப் பீலிக்குப் போனார்கள். பனிக்குள் யாரும் யாரையும் பார்க்கவில்லை. சோலைமலைகூட ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு போய் அவன் வாசலில் நட்டான். "மாமா, அத்தைய ஒரு துண்டு கேட்டு வாங்கிட்டுப் போறேன்," என்று சொல்லிச் சிரித்தான். அவனைத் தவிர வேறு யாரும் சிரிக்கவில்லை.

நல்லமுத்து இப்போது மிலாறை ஆழமாகப் புதைக்கிறார். செடி சித்திரையில் பூக்கிறது, ஐப்பசியில் பூக்கிறது, மனசு வைத்தால் தையிலும் பூக்கிறது. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. அதோடு அவர் பேசுவதில்லை. கேட்டால், "செடிகிட்ட என்னா பேச்சு," என்கிறார்.

முதல் ஆட்டைப் பற்றித் தனுஷிகா சொன்னது இந்தத் தீபாவளிக்கு அவள் லயத்துக்கு வந்திருந்தபோதுதான். அம்மா இல்லாத அந்த முதல் ஐப்பசியில், செடி பூத்திருக்கும்போதே, அப்பாவைக் கண் ஆப்பரேசனுக்காக அவள் கொழும்புக்குப் பக்கத்து வத்தளைக்குக் கூட்டிப் போயிருந்தாள். அவர் கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த ஒரு பிற்பகலில்தான் ராக்காயி போன் பண்ணி, கெடாய் செத்துவிட்டதென்று அழுதாள். கண் ஆறுகிற வரைக்கும் அப்பாவிடம் சொல்ல வேண்டாம் என்று தனுஷிகா கேட்டுக்கொண்டாள், ராக்காயியும் அவர் திரும்பி வரும்வரை சொல்லவில்லை. அவரை லயத்துக்குக் கொண்டுவந்து விட்ட அன்று அவளே செடியைப் பார்த்தாள். வேலி அப்படியே இருந்தது. வாடிய பூ ஒவ்வொரு நுனியிலும் அப்படியே தொங்கியது. ஓர் இலை குறையவில்லை. அவர் கத்தியை எடுத்தது அதற்கு மறுநாள்.

ஆடு செத்தபோது அந்தச் செடியில் ஒரு கிளைகூட வெட்டப்பட்டிருக்கவில்லை.